எக்சிட் ஸ்டேட்டஸ்: பிழை எண் அன்று, முடிவுநிலை

கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல் ஷெல்; அதற்கான கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்டிலிருந்து ஓட்டிய நிரல் முடிந்ததும், அதை ஓட்டிய ஷெல்லுக்கு ஓர் எண் வந்து சேரும். அதுதான் எக்சிட் ஸ்டேட்டஸ். திரையில் வரும் வெளியீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஷெல்லிடம் $? என்று கேட்டால்தான் தெரியும்.

"எக்சிட்" லத்தீன் வினைமுற்று. "வெளியே போகிறார்" என்று பொருள். பாத்திரம் மேடையை விட்டு நீங்கும் இடத்தில் ஆங்கில நாடகங்களில் இதை எழுதினார்கள். "ஸ்டேட்டஸ்" என்பதோ நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழிலும் அப்படியே: நில், நிலை.

தமிழில் இதைப் "பிழை எண்" என்று எழுதுவது தவறு. 0 என்றால் வெற்றி. 1 வந்தாலே பிழை என்றும் சொல்ல முடியாது: தேடிய சொல் கோப்பில் இல்லையென்றால் கிரெப் என்ற தேடல் கட்டளை 1 தரும், கோப்பையே திறக்க முடியாதது போன்ற பிழைக்குத்தான் 2. "வெளியேற்ற நிலை" என்றால் யாரோ வெளியேற்றியதாகவும் பொருள்படும். முடிவு என்ற சொல்லில் முடிதலும் விளைவும் சேர்ந்தே இருப்பதால் "முடிவுநிலை" பொருந்துகிறது.

சில எண்களுக்கு ஷெல்லே பொருள் வைத்திருக்கிறது. 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தும் இயக்க முடியவில்லை. சிக்னலால், அதாவது நிரலுக்கு அனுப்பும் நிறுத்தக் குறிப்பால், செத்த நிரலுக்கு பேஷ் என்ற ஷெல் சிக்னல் எண்ணோடு 128-ஐக் கூட்டித் தரும்: 137 என்றால் 9-ஆம் சிக்னல், அதாவது கில். நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் கருவான கெர்னல் கொன்ற நிரலிலும் இதே எண்ணைப் பார்க்கலாம். டைம்அவுட் கட்டளை, கெடு தாண்டிய நிரலை நிறுத்தினால் 124 தரும். எண்ணுக்கு 8 பிட்தான் இடம் என்பதால் எக்சிட் 256 என்று எழுதினால் 0 ஆகி, தோல்வி வெற்றியாகிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது பைப், அதாவது ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு உள்ளீடாக்கும் | குறி. தரவுத்தளத்தை வெளியே எழுதும் மைசீக்வல்டம்ப், அதைச் சுருக்கும் ஜிசிப் இரண்டையும் இணைத்து, மைசீக்வல்டம்ப் | ஜிசிப் என்று காப்புப்படி எடுக்கிறோம். கடவுச்சொல் தவறி முதல் நிரல் ஒரு பைட்கூட எழுதாமல் நின்றாலும், பைப்பின் முடிவுநிலை கடைசி நிரலுடையது. ஜிசிப் வெறும் 20 பைட் கோப்பை எழுதிவிட்டு 0 சொல்லும். தினமும் காப்புப்படி இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம். பைப்பில் எந்த நிரல் தோற்றாலும் அதைத் தோல்வியாகவே காட்டும் செட் -ஓ பைப்ஃபெயில் ஸ்கிரிப்டின் தலையில் கட்டாயம் வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2024 போசிக்ஸ் தரத்திலும் அது சேர்ந்துவிட்டது.

லோக்கல் கட்டளையால் மாறியை அறிவிக்கும் வரியிலேயே, ஒரு நிரலின் வெளியீட்டை வாங்கித் தரும் $( ) வைத்தால், உள்ளே ஓடிய நிரலின் முடிவுநிலையை லோக்கலின் 0 மூடிவிடும். அறிவிப்பு ஒரு வரி, மதிப்பை இடுவது அடுத்த வரி என்று பிரித்து எழுதுங்கள்.

கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -இ போட்ட ஸ்கிரிப்டில் தனியாக நிற்கும் கிரெப் 1 தந்தால் ஸ்கிரிப்டே நின்றுவிடும். அங்கே முதலில் ஒரு மாறியில் 0 இட்டு, கிரெப்பை அடுத்து, முன்னது தோற்றால் மட்டும் பின்னதை ஓட்டும் || குறிக்குப் பின் $?-ஐ அதில் வாங்கி, 1-ஐத் தாண்டினால் மட்டும் நிறுத்த வேண்டும். உடனே வாங்குவது முக்கியம்: இடையில், திரையில் எழுதும் ஓர் எக்கோ கட்டளை வந்தாலும் $? அந்த எக்கோவின் முடிவுநிலையாகிவிடும்.