பதிவேட்டில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

மொரீசியஸ் தீவிலிருந்து முன்னோரின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் குடும்பங்களுக்குப் பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்வது என் பணியின் ஒரு பகுதி. பெரும்பாலோர் கையில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் பெற்ற குடியேற்றப் பதிவின் நகல் இருக்கும். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், வந்த கப்பல் ஆகியவற்றோடு ஓர் எண்ணும் அதில் உண்டு. அந்தத் தாளைப் போற்றுவது இயல்பே. எனினும் அது யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

1834 தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ 4.5 லட்சம் இந்தியர்கள் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாக அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். தலைநகர் போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய முகாமின் எச்சமான ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடித்து வெளியேறியவர்கள்கூடப் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டுமென்றும், காட்டத் தவறினால் கைதாகலாம் என்றும் விதித்தது. இதை எதிர்த்து அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகியின் உதவியுடன் 1871இல் 9,000 பேருக்கு மேல் மனுக் கொடுத்த பிறகே அரச விசாரணைக் குழு அமைந்தது. இன்று கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டி, மாலையிட்டு வணங்கப்படும் கொள்ளுப்பாட்டனார் படங்களில் பல, காவலரிடம் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை. அருங்காட்சியகங்கள் படத்துக்கு அருகில் இந்தச் சட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைவிடக் கடினமானது, எண்கூட இல்லாதவர்களின் வரலாறு. 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது மொரீசியஸின் அடிமை உடைமையாளர்களுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. விடுவிக்கப்பட்டவர்களோ காசு எதுவும் பெறாமல், பயிற்சிப் பணியாளர் என்ற பெயரில் 1839 வரை அதே எசமானர்களிடம் உழைத்தனர். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பூர்வீகக் கிராமத்தின் பெயர் கிடைப்பது மிக அரிது. பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் சென்றதோடு, தென்னிந்தியர்கள் அடிமைகளாகவும் ஏற்றப்பட்டார்கள் என்று சொன்னால், தமிழ்க் குடும்பங்களில் சட்டென்று ஓர் அமைதி நிலவும். “நாங்கள் ஒப்பந்தத்தில் வந்தவர்கள்” என்ற பதிலில் பெருமிதம் மட்டுமன்றி ஒரு விலகலும் ஒலிப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

2009இல் அமைந்த உண்மை மற்றும் நீதி ஆணையம் அடிமைமுறையையும் ஒப்பந்த முறையையும் சேர்த்தே விசாரித்தது சரியான அணுகுமுறை. அடிமைமுறைக்கான அருங்காட்சியகம் 2023இல் போர்ட் லூயியின் பழைய இராணுவ மருத்துவமனையில் திறக்கப்பட்டிருக்கிறது. ஆப்ரவாசி காட்டுக்குச் செல்பவர்கள் அருகிலேயே உள்ள அதையும் பார்க்க வேண்டும்.

பதிவு நகல் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: உறவினருக்குப் படியெடுத்துக் கொடுக்கும்போது சாதி எழுதிய கட்டத்தை மறைக்காதீர்கள், எழுத்தர் பிழையாக எழுதிய ஊர்ப்பெயரைத் தாளிலேயே திருத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஊரைத் தனித்தாளில், சொன்னவர் பெயருடனும் தேதியுடனும் குறித்து நகலோடு சேர்த்து வையுங்கள்.