சபை ஆபீஸில் முதல் மாசம்: வாய் அவருது, கையெழுத்து உன்னுது

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஆடிட்டர் தொழிலில் சாப்பாட்டு நேரம் கிடையாது. அப்படி ஒரு ஏப்ரல் மத்தியானத்தில், ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவச் சபை ஆபீஸில் வவுச்சர் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெயின்டருக்கு 9,800. மறுநாள் 9,800. அதற்கும் மறுநாள் 9,800. மூன்றிலும் ஒரே பேனா, எழுத்தில் ஒரே சாய்வு. 'பட்டுவாடா செய்தவர்' என்ற இடத்தில் ஒரே கையெழுத்து. அது வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாசமே ஆன பிகாம் பிள்ளையுடையது.

"பெயின்டரை நீ பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க சார். பணம் குடுத்தாச்சுன்னு ஐயா சொன்னாருங்க. நான் எழுதி மட்டும் வெச்சனுங்க."

"மூணு நாளும் குடுத்தாரா?"

"ஒரே நாள்லதாங்க எழுதினேன். தேதிதான் மூணு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அந்தப் பிள்ளைக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

அறக்கட்டளையோ சபையோ, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதை அறப்பணிச் செலவாக ஏற்க மாட்டார்கள். அதற்காகத்தான் 29,400 ரூபாய் பில்லை மூன்றாக அறுத்திருந்தார்கள். பெயின்டரின் பேங்க் நம்பரைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டிருந்தால் ஐந்து நிமிச வேலை. ஆனால் அந்த ஆபீஸில் செக் புக், பிள்ளை 'ஐயா' என்று சொன்ன நிர்வாகியின் வீட்டு பீரோவில் இருந்தது. அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இந்தப் பிள்ளையைப்போல ஏழெட்டுப் பேரையாவது என் தொழிலில் பார்த்துவிட்டேன். நான் சபைக்காரன் இல்லை. கோயில் கமிட்டி, பள்ளிக்கூடம், சங்கம், சபை என்று எல்லாவற்றின் கணக்கும் எங்கள் ஆபீஸுக்கு வரும். இந்த நிர்வாகியும் எல்லா இடத்திலும் உண்டு. சபையில் கொஞ்சம் பளிச்சென்று தெரிவார், அவ்வளவுதான். காரணம், போதகர் சில வருசத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போய்விடுவார், கமிட்டி தேர்தலில் மாறிவிடும், நிர்வாகி மட்டும் அப்படியே இருப்பார். யார் கடை வாடகை பாக்கி, கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்த வரிசை, ஹாஸ்டல் மோட்டார் எந்த வருசம் வாங்கியது என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். மில் ஆபீஸிலோ பேங்கிலோ ரிட்டையர் ஆனவராக இருப்பார், பாதிப்பேர் சம்பளமே வாங்குவதில்லை. இவரை வில்லனாக்கி எழுதுவது சுலபம். நான் அதற்கு இதை எழுதவில்லை. தலைக்குள் இருப்பதை அவர் வாயால் சொல்வார், புதுசாக வந்த பிள்ளை கையால் எழுதும். நாளைக்குக் கேள்வி வரும்போது வாய்க்குத் தடயம் இல்லை. கைக்கு இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு முதல் நாள் கிடைத்த வேலைகளைச் சொல்லச் சொன்னேன். முன்வாசல் சாவி கொடுத்தார், பீரோ சாவி கொடுக்கவில்லை. வருகிறவர்கள் பேர், வந்த காரணம், போன நேரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி மத்தியானமும் சாயங்காலமும் காட்ட வேண்டும். போதகரிடம் நேராகப் பேசக்கூடாது, பொருளாளர் போன் பண்ணினால் 'ஐயாகிட்ட கேட்டுச் சொல்றனுங்க' என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிடப் போவதற்கும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். "அப்பறமுங்க, சர்ட்டிபிகேட்டெல்லாம் ஒரிஜினல் வாங்கி வெச்சுக்கிட்டாருங்க. பத்தரமா இருக்கட்டும்னு."

இதில் பாதி வெறும் சுபாவம். சாப்பாட்டுக்கு அனுமதி கேட்பது எரிச்சலான விசயம், ஆனால் ஆபத்தில்லை. வருகைப் பதிவு நோட்டு நல்ல பழக்கமும்கூட. புதுசாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன விசயங்களுக்கு வெசனப்பட்டு அழுவார்கள், வீட்டில் போய்ச் சொல்வார்கள். 'தேதியை மட்டும் மாத்திப்போடு கண்ணு' என்று சிரித்த முகத்தோடு சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பயம் அந்தச் சிரித்த முகத்தில்தான்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எந்த ஆபீஸிலும் விட்டுவைக்காதீர்கள். காட்டலாம், சரிபார்த்து நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், என்னென்ன கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 'மேற்படிப்புக்கு அப்ளிகேசன் போடணுமுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் திரும்பக் கொடுத்துவிடுவார்கள்.

காணிக்கை எண்ணும் தாளுக்கு வருகிறேன், ஏனென்றால் புதுப்பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பை, உறை, பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே கொட்டி, ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேராவது சேர்ந்து எண்ண வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நோட்டுவாரியாக எழுதி, அந்த இடத்தை விட்டு எழுமுன் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை அப்படியே பேங்க்கில் கட்ட வேண்டும். பையிலிருந்து எடுத்துப் பூக்காரருக்கும் மைக் செட்டுக்கும் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுவது பழைய வழக்கம். வரவும் செலவும் இரண்டுமே மறைந்துபோவது அதில்தான்.

இந்த ஆபீஸில் நடந்தது வேறு. திங்கள் காலை நிர்வாகி ஒரு தொகையைச் சொல்வார். பிள்ளை அதை நோட்டுவாரியாக 'வருகிற மாதிரி' பிரித்து எழுத வேண்டும். பிறகு 'எண்ணியவர்' என்ற இடத்தில் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை சபையிலேயே இல்லை, கோபிக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தது.

இப்படிச் சொல்கிறவரிடம் போய், முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு வராது. சொல்லவும் வேண்டாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் நாலு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்: 'நிர்வாகி சொல்லக் கேட்டு எழுதியது.' 'எண்ணியவர்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து 'எழுதியவர்' என்று மாற்றுங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் ஒரு வாட்ஸ்அப் செய்தி, மரியாதையாக: 'ஐயா, நீங்க சொன்னபடி இன்னைக்கு இந்தத் தொகைக்கு வவுச்சர் எழுதிட்டனுங்க. பில் வந்ததும் சேத்து வெச்சர்றேன்.' இதில் குத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. அவர் வாயில் வந்தது அவர் போனிலேயே எழுத்தாக இருக்கும். தேதியை மாற்றி எழுதச் சொன்னால் மட்டும் இந்த வழி பத்தாது. அங்கே எழுதாமல் இருப்பதுதான் வழி, 'ஆடிட்டர் திட்டுவாருங்க' என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் பீஸ் வாங்குகிறோம்.

பணத்தைவிடக் கனமான ஒன்று அந்த ஆபீஸில் இருக்கிறது. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கம் கோயமுத்தூருக்கு வந்தது 1830-ல். அந்தக் காலத்து வழக்கத்தில் வந்த பழைய சபைகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தடித்தடியாகப் பதிவேடுகள் இருக்கும். புதுப்பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் வேலைகளில் ஒன்று அதைப் பார்த்து நகல் எழுதுவது. ஒரு நாள் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மகனோடு போய் இருக்க விசா வேண்டும், கல்யாணப் பதிவேட்டில் அந்த அம்மாவின் இனிசியல் தப்பு. நிர்வாகிக்கு வேண்டப்பட்ட ஒறம்பரை. "ஒயிட்னர் வெச்சு அழிச்சுட்டு எழுதிக்குடுத்துரு அம்மிணி, பாவம்." உண்மையிலேயே பாவம்தான், தப்பும் உண்மையான தப்புதான்.

ஆனால் அது ஆபீஸ் நோட்டு இல்லை. 1872-ம் வருச இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் உள்ள பதிவேடு. வேண்டுமென்றே அதைச் சிதைப்பவர்களுக்கும் பொய்யாகப் புனைபவர்களுக்கும் ஏழு வருசம் வரை சிறை என்று 76-ம் பிரிவு சொல்கிறது. நேர்மையான பிழைக்கு 78-ம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பிழை தெரிந்த ஒரு மாதத்துக்குள், கல்யாணம் பண்ணிக்கொண்ட இருவர் முன்னிலையில், அவர்கள் இல்லாவிட்டால் நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில், முதலில் எழுதியதைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் பதிவு செய்யும் பொறுப்பில் உள்ளவர். ஆபீஸ் பிள்ளை இல்லை, நிர்வாகியும் இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சட்டம் தெரியாது. 'பழைய புஸ்தகமுங்க, பாஸ்டர் ஐயா வந்துரட்டுங்க' என்று மட்டும் சொல்லியிருக்கிறது. அதற்கு நிர்வாகி ஒரு வாரம் பேச்சில்லாமல் இருந்தாராம்.

டிசம்பர் மாசத்துக்கு ஒரு எச்சரிக்கை. கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் உறையில் வைத்துக் கொடுப்பார்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையாகப் பேங்க் வழி அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும், ரூபாய் நோட்டாகவே இருந்தாலும், ஆகும். அதைப் பெற எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில் மட்டும்தான் முதலில் வந்து சேர வேண்டும். 'நம்ம சித்தப்பா பையன்தான், ரசீது போட்டுக்குடு' என்று சொன்னால், பாஸ்போர்ட் எந்த நாட்டுது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பொருளாளரைக் கேட்க வையுங்கள்.

வேலை முடிந்த பிறகும் ஆளில்லாத ஆபீஸில் இருக்கச் சொல்வது, வேண்டாத பேச்சு, தொடுவது இதெல்லாம் கண்டிப்பின் கணக்கில் சேராது. வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் 2013-ம் வருசச் சட்டம் சபை ஆபீஸுக்கும் உண்டு. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

அந்த ஏப்ரலுக்குத் திரும்புகிறேன். போதகரையும் பொருளாளரையும் உட்காரவைத்து, பிள்ளையின் பேச்சை எடுக்காமல், வவுச்சரை மட்டும் பேசினேன். நிர்வாகி கோபத்தோடு மேசை டிராயரைத் திறந்து மூன்று பழுப்பு உறைகளை எடுத்துக் கொட்டினார். ஒன்றில் பெயின்ட் என்று எழுதியிருந்தது, ஒன்றில் ஏழை நிதி, ஒன்றில் கல்லறை. எண்ணினோம். கணக்கைவிட 340 ரூபாய் கூட இருந்தது.

"இருவது வருசமா இந்தக் கையில ஒரு பைசா ஒட்டுனதில்லீங்க ஆடிட்டர்."

நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கைக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கோப்பில் சேர்க்க வழியில்லை. பெயின்டரின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. அந்தப் பணத்தைக் கொடுத்ததாகச் சொல்லும் ஒரே கையெழுத்து, அதைக் கண்ணால் பார்க்காத ஒரு பிள்ளையுடையது. பெயின்டரை வரவழைத்து, பெற்றுக்கொண்டதாக அன்றைய தேதி போட்டே எழுதி வாங்கினோம். மூன்று வவுச்சரிலும் நடந்தது என்ன என்று நிர்வாகியே தன் கையால் குறிப்பு எழுதினார். எழுதும்போது கை நடுங்கியது, பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆடி மாசம் அவரே போன் பண்ணினார்.

"என்னங்க இது, எதுக்கெடுத்தாலும் அந்தப் பாப்பா துண்டுச்சீட்டு கேக்குது. பூவுக்குக்கூடவா?"

"பூவுக்குந்தானுங்க. எழுதிக் குடுத்துருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, செக் புக்கை ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டதாகச் சொன்னார். சாவி மட்டும் இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் அந்தச் சபைத் தணிக்கை ஒன்றரை நாளில் முடிந்தது. முந்தின வருசம் நாலு நாள்.