மனவடு

'அந்த விபத்துக்கு அப்புறம் அவளுக்கு ட்ராமா' என்று இப்போது சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். கிரேக்கத்தில் ட்ராமா (trauma) என்றால் புண், உடம்பில் படும் காயம். மருத்துவமனைகளில் 'ட்ராமா கேர்' என்று எழுதியிருப்பது இன்றும் அந்தப் பொருளில்தான். மனத்தைக் குறிக்க இது வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ரயில் விபத்தில் பெரிய காயமின்றித் தப்பியவர்கள்கூட நாட்கணக்கில் நடுங்கினார்கள், தூக்கமின்றித் தவித்தார்கள். ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஹெர்மான் ஓப்பன்ஹைம் 1889இல் இத்தகையவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. முதல் உலகப்போரில் இது 'ஷெல் ஷாக்', அதாவது பீரங்கிக்குண்டு அதிர்ச்சி. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் பி.டி.எஸ்.டி. (போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்) ஆனது.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'மன அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு இது போதவில்லை. அதிர்ச்சி என்பது சம்பவம் நடந்த அந்த நேரத்துக்கு உரியது. பட்டாசுச் சத்தம் கேட்டதும் ஷெல்லடிக்குப் பதுங்கிய நாள் அப்படியே திரும்ப வருவதை, கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்வதை அந்தச் சொல் தாங்காது. போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஈழத்தில் 'மனவடு' என்கிறார்கள். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் பணியால் அங்கே அது பரவலான சொல்.

'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்ற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், ஆறிப்போவதால் முதலாவது புண், ஆறாது கிடப்பதால் இரண்டாவது வடு என்று பிரிக்கிறார். பேச்சுவழக்கிலோ, ஆறிய காயத்தின் தழும்பும் வடுதான். ஆறிய தழும்பு என்ற இந்தப் பொருளும் நமக்கு வேண்டும். ஏனென்றால் கொடுமையான அனுபவத்துக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் நாளடைவில் தேறிவிடுகிறார்கள். கனவு, திடுக்கிடல், அழுகை எல்லாம் முதல் சில வாரங்களில் இயல்பு.

தேற உதவுவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்: பாதுகாப்பான இடம், சொந்தபந்தம், வழக்கமான வேலை. ஒப்பாரியும், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கும் துக்கத்தைப் பலரோடு பகிரவைக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு, அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாததால், அந்த வழியும் அடைபட்டுக் கிடப்பதுதான் பெரிய கொடுமை. 'நடந்ததையெல்லாம் சொல்லு, பாரம் குறையும்' என்று உடனே வற்புறுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவர்களாகப் பேசும்போது கூட இருந்து கேட்டால் போதும்.

ஒரு மாதம் கடந்தும் அதே நினைவுகள் துரத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.