லிச்: சாகாத உடலுக்குத் தமிழில் என்ன பெயர்?

மாயவரத்தில் இருக்கும் அக்கா மகன் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறான். அதில் செத்துப்போன மந்திரவாதி ஒருவன் எலும்பும் தோலுமாக அரியணையில் உட்கார்ந்து ஆட்சி செய்கிறான். விளையாட்டுகளில் இவனுக்கு 'லிச்' என்று பெயர். "மாமா, தமிழில் என்ன போடலாம்?" என்று கேட்டான். பேய் என்று போட்டால் உடல் கிடையாது. நடைபிணம் என்றால் அறிவு கிடையாது. லிச்சுக்கு இரண்டும் உண்டு.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'உடல்' என்றுதான் பொருள். உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடல்தான். பிற்பாடு பிணத்துக்கு மட்டும் ஆனது. இங்கிலாந்தில் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்ட வாசலில் கூரை போட்ட 'லிச் கேட்' இருக்கும். சவப்பெட்டியை அங்கே இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருப்பார்கள். நம் ஊரில் சுடுகாட்டுக்குள் நுழையுமுன் அரிச்சந்திரன் கல்லருகே பாடையை இறக்குகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். செத்த மந்திரவாதி என்ற இன்றைய பொருளைப் பரப்பியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. விதிநூல்களை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு அது. 1975இல் வந்த அதன் முதல் துணைநூலிலேயே லிச் இருக்கிறான்.

'கூடுபாய்ந்தவன்' என்று வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். திருவாவடுதுறைப் பக்கம் பிறந்தவனுக்கு அதுதானே முதலில் தோன்றும்! காவிரிக்கரைச் சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறியதைப் பொறுக்காமல் அவன் உடலுக்குள் புகுந்த சிவயோகியார்தான் திருமூலர். ஆனால் அவர் தம் உடலை விட்டு வந்தவர், அதுவும் இரக்கத்தால். லிச் தன் உடலை விடவே மாட்டான். அந்தப் பெயரை இவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உடலுக்கு 'யாக்கை' என்றொரு பழஞ்சொல் உண்டு. யாத்தல் என்றால் கட்டுதல். ஆக, கட்டப்பட்டது யாக்கை. குறளில் 'சாவா மருந்து' இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 'சாவா யாக்கை', ஆளைச் சொல்ல 'சாவா யாக்கையன்'. கட்டு அவிழாத உடல். லிச்சுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த மந்திரவாதி தன் உயிரை ஒரு பொருளில் ஒளித்துவைப்பான். ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் கதையை நம் பாட்டிகள் சொன்னதுதான். அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபிலாக்டரி' கிரேக்கத்திலிருந்து வந்தது. காவல் காப்பது என்று பொருள். சரி, தமிழில் காப்பு. 'உயிர்க்காப்பு' என்றால் போதும்.

அக்கா மகன் அந்த உயிர்க்காப்பை ரேடியத்தில் செய்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "அதுதான் அழியவே அழியாதே மாமா" என்றான். அங்கேதான் அவனை நிறுத்தினேன். (சைக்கிள் கடையில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கர்' வேறு. அது விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதில் ரேடியம் கிடையாது.) கியூரி தம்பதியர் 1898இல் கண்டுபிடித்த உலோகத்துக்கு, லத்தீனில் கதிர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து ரேடியம் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் கதிரியக்கம் என்று சொல்வதும் அதே கருத்தில்தான். டெல்டாக்காரனுக்குக் கதிர் என்றதும் நெல்தான் நினைவுக்கு வரும். இந்தக் கதிர் அணுவின் கரு உடையும்போது தெறிப்பது. அப்படி உடைவதைச் சிதைவு என்கிறோம். சிதை மூட்டுவது என்கிற சிதை வடமொழி வழி வந்தது. இது 'சிதைதல்' என்ற வினையிலிருந்து வந்தது.

பார்க்க அசையாமல் கிடக்கும் அந்த உலோகம் ஒவ்வொரு நொடியும் சிதைந்துகொண்டிருக்கிறது. பாதி சிதைய ஆகும் காலம்தான் அரை ஆயுள். ரேடியம் 226க்கு (226 என்பது அணுவின் வகையைக் காட்டும் எண்) அது சுமார் 1600 ஆண்டு. பொலோனியம் 210க்கு 138 நாள்தான். யுரேனியம் 238க்கோ சுமார் 447 கோடி ஆண்டு. மூன்றும் கடைசியில் ஈயமாக முடியும். ராஜராஜன் 1010இல் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்திய நாளில் ஒரு கிராம் ரேடியத்தை மூடிவைத்திருந்தால், இன்று அதில் ஏறக்குறைய 0.64 கிராம்தான் மிஞ்சும்.

இதைக் கேட்டதும் அவன் கதையை மாற்றிவிட்டான். சாவா யாக்கையன் அரியணையிலேயே இருக்கிறான். ஆனால் உயிர்க்காப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாகிக்கொண்டிருக்கிறது.