நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு மாத்திரை?

14 வயதில் அந்தப் பையனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கையெழுத்து கோணியது, பேச்சு குழறியது. பள்ளியில் சோம்பேறி என்றார்கள். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஓர் ஆண்டு கழித்து, கண் மருத்துவர் ஒருவர் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையத்தைப் பார்த்த பிறகுதான் வில்சன் நோய் என்று தெரிந்தது.

உணவிலிருந்து சேரும் செம்பில் மிகுதியானதைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். இந்த நோயில் அந்த வழி பிறவியிலேயே பழுதாகியிருக்கிறது. செம்பு முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் கண்ணிலும் படிகிறது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது பொதுவான கணக்கு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல்.

அந்தப் பையன் மாத்திரையால் தேறினான், கல்லூரியிலும் சேர்ந்தான். விடுதிக்குப் போனதும் மாத்திரையை விட்டுவிட்டான். எட்டு மாதம் கழித்து மஞ்சள் காமாலையோடும் வயிறு நிறைய நீரோடும் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். “நன்றாகத்தானே இருந்தான் சார், அதனால் நாங்களும் கேட்கவில்லை” என்றார் அவன் அம்மா. மருந்தாளுநராக நான் அதிகம் அஞ்சுவது இந்த ‘நன்றாகத்தானே இருந்தான்’ என்ற சொல்லுக்குத்தான். மருந்து செம்பை வெளியேற்றுமே தவிர, பிறவிப் பழுதைச் சரிசெய்யாது. திடீரென நிறுத்தினால் சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழந்து உயிர் போகலாம். கருவுற்ற பெண்களும் தாமாக நிறுத்தக் கூடாது; அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

பலருக்கும் எழுதித் தரப்படும் மருந்து பெனிசிலமைன். இதன் பெயரே ஆபத்து. ஒரு முறை ஒரு கடையில் இதைப் பெனிசிலின் என்று நினைத்து, “ஐந்து நாள் சாப்பிட்டால் போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது நுண்ணுயிர்க்கொல்லி இல்லை, வாழ்நாள் மருந்து. சீட்டிலும் பெட்டியிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். சிறு ஊர்களில் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது என்பதால், ஒரு மாதத்துக்கான மருந்தாவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

இதை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்: உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. இரும்புச்சத்து மாத்திரையோ வயிற்றெரிச்சல் மருந்தோ சேர்ந்தால் உடலில் ஏறும் அளவு குறைந்துவிடும். துத்தநாக மாத்திரையும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். முதல் வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு வரலாம். சிலருக்கு நடுக்கம் கூடவும் செய்யும். பயந்து நிறுத்திவிடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தையும் சிறுநீரையும் அடிக்கடி பரிசோதிக்கச் சொல்வது, மருந்து இரத்த அணுக்களையோ சிறுநீரகத்தையோ தாக்குகிறதா என்று பார்ப்பதற்காகவே.

செம்புக் குடத்துத் தண்ணீர் உடலுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இப்போது செம்புப் பாட்டில் மறுபடி வீடுதோறும் வந்திருக்கிறது. இந்த நோயுள்ளவர்களுக்கு அது வேண்டாம். கல்லீரலுக்கு என்று வெளியே வாங்கும் மருந்துகளில் தாமிர பற்பம் இருக்கிறதா, சத்து மாத்திரை அட்டையில் காப்பர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டு ஈரல், முந்திரி, சாக்லேட், காளான், இறால், நண்டு ஆகியவற்றைத் தொடக்க காலத்தில் தவிர்க்கச் சொல்கிறோம். பத்தியம் இருந்தால் மாத்திரை தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த இளைஞனின் தங்கையையும் பரிசோதித்தோம். நோய் இருந்தது, அறிகுறி ஒன்றுகூட இல்லை. “ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு எதற்கு சார் மாத்திரை?” என்று கேட்டார் அம்மா. அண்ணனுக்குக் கை நடுங்குவதற்கு முன்பே இது தெரிந்திருந்தால் அவனுக்கும் அப்போதே தொடங்கியிருப்போம் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று தாளில் எழுதித் தரச் சொன்னார். இப்போது அவளே வேளை தவறாமல் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், விடுதியிலிருக்கும் அண்ணனையும் இரவில் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறாள்.