சவுண்ட் கார்டில் உறுமலா? எர்த் பின்னை வெட்டாதீர்கள்

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டதும் சிலர் புது சவுண்ட் கார்டு வாங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள், அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகிவிடுகிறார்கள். எர்த்தை எடுத்ததும் சில நேரம் உறுமல் நிற்கவும் செய்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் சத்தம் எந்த வகை என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீரான தாழ்ந்த உறுமல் என்றால் கரண்ட் லைனிலிருந்து வருவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸில் கேட்கும். மவுசை அசைத்தாலோ, ஸ்க்ரோல் செய்தாலோ, கேம் ஓடினாலோ மாறும் கீச்சொலி கம்ப்யூட்டரின் உள்ளிருந்து வருவது. 'ஸ்ஸ்' என்ற சீறல் பெரும்பாலும் லெவல் கோளாறு. கரகரப்பும் 'டப் டப்'பும் அனேகமாக டிரைவர், செட்டிங் சமாச்சாரம்.

உறுமலுக்குப் பெரும்பாலும் காரணம் எர்த் லூப். கம்ப்யூட்டர் ஒரு பாயின்ட்டிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொரு பாயின்ட்டிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தாலே போதும். ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள் வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியே மின்னோட்டம் ஓடி, பாட்டோடு சேர்ந்து கேட்கும். இதை உறுதிசெய்வது சுலபம். வயர் உள்ள ஹெட்ஃபோனை நேராக சவுண்ட் கார்டில் செருகுங்கள். ஹெட்ஃபோனில் சுத்தமாகவும் ஆம்ப்ளிஃபையரில் உறுமலாகவும் இருந்தால் கார்டு மேல் குற்றமில்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஆம்ப்ளிஃபையர் டிவியோடும் இணைந்திருந்தால் கேபிள் டிவி வயரையும் ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். லூப்பை உண்டாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல இடங்களில் உறுமல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவில் ஐசொலேட்டர் (இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் கருவி) போடுங்கள். உள்ளே சேனலுக்கு ஒன்றாக இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். மலிவானவற்றில் தாழ்ந்த ஒலி (bass) கொஞ்சம் குறையும். இரண்டு பக்கமும் ஆப்டிகல் ஜாக் இருந்தால் அதுதான் நல்ல வழி. ஒளியில் போகும் சிக்னலுக்கு லூப் கிடையாது.

எர்த்தை மட்டும் எடுக்காதீர்கள். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் பேஸிலிருந்தும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்குக் கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லையென்றால் கேபினட்டில் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், மிதக்கும். தொட்டால் சுருக்கென்று இருப்பது இதனால்தான். மின்னோட்டம் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் போய் பேஸ் கேபினட்டைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் அங்கே நிற்கும். ஃபியூஸையோ பிரேக்கரையோ உடனே தட்டிவிட வழியிருக்காது.

வீட்டு பாயின்ட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் காட்ட வேண்டும். பேஸ்–எர்த் அளவு மிகவும் குறைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் எர்த் சரியில்லை. மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மவுசோடு மாறும் கீச்சொலிக்கு, முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். முன்பக்க ஜாக்கின் வயர் கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் வயர்களை ஒட்டியே நீளமாகப் போவதால் அவற்றின் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும்.

சீறலுக்கு மைக் பூஸ்டைப் பாருங்கள். 30 டெசிபல் பூஸ்ட் என்றால் சிக்னலும் சீறலும் சேர்ந்து சுமார் 32 மடங்கு பெரிதாகும். 10க்குக் குறைத்து, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். பயன்படுத்தாத மைக், லைன் இன் இரண்டையும் மியூட் செய்யுங்கள். கம்ப்யூட்டர் வால்யூமை 80–90இல் வைத்து, ஆம்ப்ளிஃபையரில் குறைத்துக் கேளுங்கள்.

கரகரப்பு ரெக்கார்டிங்கின்போது வந்தால் பஃபர் (ஒலியைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும் இடம்) போதவில்லை. நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் என்பது 2.7 மில்லிசெகண்ட்தான், 512 ஆக்கினால் 10.7 கிடைக்கும். சாஃப்ட்வேரில் 44,100, கார்டில் 48,000 என்று முரணாக இருந்தால் ஒன்றாக்குங்கள். லினக்ஸில் பாட்டு தொடங்கும்போது 'டப்' என்றால் ஆடியோ சிப் தூங்கி விழிக்கிறது என்று அர்த்தம். ஆடியோ டிரைவரின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கினால் நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு, சார்ஜர் கழற்றிய லேப்டாப்பிலோ பின்பக்க ஜாக்கிலோ, எல்லா இன்புட்டும் மியூட்டில் இருக்க, ஹெட்ஃபோனில் இன்னும் இரைந்தால், அதே ஹெட்ஃபோனை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால்தான் சவுண்ட் கார்டை மாற்றக் காசு செலவழிக்க வேண்டும். யூஎஸ்பி கார்டு வாங்கினால், சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு கேபினட்டிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.