முகத்துவாரத்துக்கும் தண்ணீர் வேண்டும்

போன வாரம் கடலூரை அடுத்த தாழங்குடா பக்கம் ஒரு கூட்டம். தென்பெண்ணை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகை வெளியே எடுக்க முடியவில்லை என்று மீனவர்கள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் எழுந்து, "ஆத்துத் தண்ணி பூரா வீணா கடல்ல கலக்குது, இன்னும் ரெண்டு தடுப்பணை கட்டுங்க" என்றார். கைதட்டல் வேறு. கழிமுகங்களில் உப்பும் வண்டலும் அளப்பதே என் வேலை. இந்த 'வீண்' என்ற சொல்லை இன்னும் எத்தனை கூட்டத்தில் கேட்பது?

தென்பெண்ணை கடலுக்குக் கொண்டுவருவது தண்ணீரை மட்டுமல்ல. மணலும் வண்டலும் அதோடு சேர்ந்தே வர வேண்டும். மேலே கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, 1958-ல் வந்த சாத்தனூர் அணை; அதற்குக் கீழே திருக்கோவிலூர், சொர்ணாவூர் அணைக்கட்டுகள். அணையில் நீர் நின்றதும் மணல் அடியில் தங்கிவிடுகிறது. தெளிந்து வெளியே வரும் நீர் போகிற வழியில் படுகையை அரிக்கிறது. மிச்ச மணலை லாரி அள்ளிக்கொள்கிறது.

"அப்புறம் முகத்துவாரத்தை அடைக்கிற மணல் எங்கிருந்து வருது சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அது கடல் கொண்டுவருவது. அலை கரையோரமாகவே மணலை நகர்த்தி முகத்துவாரத்துக்குள் தள்ளும். ஆறு உள்ளிருந்து அதை வெளியே தள்ளும். மாதக்கணக்கில் ஓடிய ஆறு சில வாரங்களோடு நின்றுபோனால் கடல்தான் ஜெயிக்கும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்களே என்பீர்கள். பல ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் ஊரை முக்கிவிட்டுப் போகும். தை, மாசியில் ஓட வேண்டிய நீருக்கு அது ஈடாகாது.

ஒரு சித்திரையில் முகத்துவாரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஒரு சொட்டு ஆற்று நீரை உப்புமானியில் விட்டுப் பார்த்தேன். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்தச் சொட்டு கிட்டத்தட்ட அதைத் தொட்டது. என்னோடு வந்த பெரியவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல இங்கதான் குடிப்போம்" என்றார்.

நன்னீரும் உப்பும் கலக்கும் இடத்தில்தான் வெள்ளை இறால் குஞ்சும் மடவை மீனும் வளர்கின்றன. எகிப்தில் அஸ்வான் உயர் அணை நைல் வெள்ளத்தைத் தடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே மத்தி மீன்பாடு சரிந்தது, கழிமுகக் கரை அரித்தது. 'வீணாகக் கலந்த' தண்ணீர்தான் அதுவரை அந்த மீனை வளர்த்தது.

மீனவத் தம்பிகளே, வெள்ளம் வடிந்ததும் பழைய வழியை நம்பாதீர்கள். மணல் திட்டு ஒரே இரவில் இடம் மாறும். லைஃப் ஜாக்கெட்டைப் படகின் மூலையில் போடாமல் உடம்பில் போடுங்கள். கரையோர விவசாயிகள் கோடையில் மோட்டாரை இரவு பகலாக ஓட்டாதீர்கள், நிலத்தடியில் உப்பு நீர் உள்ளே ஏறிவிடும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதிக்காமல் நாற்றங்காலுக்குப் பாய்ச்சாதீர்கள். அணை திறந்தார்கள் என்று கேட்டதும் பாலத்தில் போய் நின்று போன் பிடிக்கிறவர்களே, தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்.

அணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாத்தனூர்த் தண்ணீரில் எத்தனையோ ஊரில் நெல் விளைகிறது. அடுத்த குறைதீர் கூட்டத்தில் தூர்வாரக் கேட்டு மனு எழுதும்போது, தை முதல் பங்குனி வரை முகத்துவாரத்துக்கு என்று கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன்.